108 ஆம்புலன்ஸும் கவர்மெண்ட் பிரசவ வார்டும்: எங்க தங்கச்சி பொழச்சு வந்த அனுபவம்

மொதல்ல மார்க்க போட்ருறேன், பாதி பேரு அத மட்டும்தான் பாப்பீங்க. 108 ஆம்புலன்ஸுக்கு 5க்கு 5. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி லேபர் வார்டுல அன்னைக்கு நைட் ட்யூட்டி இருந்த டாக்டர், நர்ஸுங்களுக்கு 5க்கு 5. அதே ஆஸ்பத்திரியோட பாத்ரூமுக்கும், வார்டு வாசல்ல நின்னு காசு கேட்ட ஆளுக்கும் 1 கூட குடுக்க மனசு வரல. ஆஸ்பத்திரி பேரு போடல, குறையும் சொல்லப் போறேன், அதுனால. எங்க ஊர்ல இருந்து காரைக்குடி, சிவகங்கை, புதுக்கோட்டைன்னு எந்தப் பக்கமும் போகலாம், அதுல ஏதோ ஒண்ணுன்னு வச்சுக்கங்க.

எங்க வீடு ஆத்தங்குடி பக்கத்துல ஒரு கிராமம். அப்பாவுக்கு ஆத்தங்குடி கல்லு ஊத்துற வேல. தங்கச்சியக் கட்டிக் குடுத்தது திருப்பூர். மொதப் பிரசவம் கொரோனா ஊரடங்கு நேரத்துல வந்ததால ஊருக்கே வர முடியல, அங்கயே பாத்தாங்க, நார்மல், ஒரு பிரச்சனையும் இல்ல. அதுனால ரெண்டாவதயாச்சும் நம்ம வீட்டுல வச்சுப் பாக்கணும்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னு ஏழாம் மாசமே கூட்டிட்டு வந்துட்டாங்க. டவுனுல ஒரு தனியார் நர்சிங் ஹோம்ல மாசா மாசம் செக்கப். ஏ.சி., கண்ணாடிக் கதவு, ஸ்கேன் எடுத்தா கலர்ல போட்டோ, நல்லாப் பேசுவாங்க. தங்கச்சி வீட்டுக்காரரும் 60,000 ரூவாய எடுத்து தனியா வச்சிருந்தார். மொதப் பிரசவம் சுளுவா முடிஞ்சதால இந்தத் தடவ வீட்டுல யாருக்குமே பயம் இல்ல. அந்த பயமில்லாததுதான் எங்கள எங்கயோ கொண்டு போய் விடப் பாத்துச்சு.

ஒரே ஒரு ஆளு மட்டும் விடாம பயந்துக்கிட்டே இருந்தாங்க, எங்க ஊருக்கு வர்ற நர்ஸம்மா. தனியார்ல பாத்தாலும் பரவால்ல, கர்ப்பத்த கவர்மெண்ட்ல பதியிற பிக்மி நம்பர் போட்டே ஆகணும், அந்த 12 இலக்க நம்பர் இருந்தாத்தான் பின்னாடி பொறப்புச் சர்டிபிகேட்டுக்குக் கூட சுளுவா இருக்கும்னு வீட்டுக்கே வந்து பதிஞ்சாங்க. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லி ரத்தம் எடுத்துப் பாத்தா எச்.பி., அதான் ரத்தச் சத்து அளவு, 8.6. கர்ப்பிணிக்கு 11க்கு மேல இருக்கணுமாம். நர்சிங் ஹோம் பைலயும் 9 சொச்சம்னுதான் இருந்துச்சு, மாத்திர எழுதியிருந்தாங்க, தங்கச்சி அது வாந்தி வருதுன்னு பாதி நாள் சாப்பிடல, யாரும் கேக்கவும் இல்ல. நர்ஸம்மா கேட்டாங்க. அயன் சுக்ரோஸ்னு இரும்புச் சத்து மருந்து, ட்ரிப்ஸ்ல ஏத்துறது, அதுக்கு நாள் குறிச்சுக் குடுத்து, வரலன்னா போன் போட்டு, ஒரு நாள் அப்பா சைக்கிள நிறுத்தி ரோட்டுலயே வச்சு, "ஐயா, புள்ளய நாளைக்கு அனுப்பி வைங்க, ரத்தம் இல்லாம பிரசவத்துக்குப் போனா தாங்க மாட்டா"ன்னு சொல்லியிருக்காங்க. எங்களுக்கு அப்ப எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஒம்பதாம் மாசம் 10.4 வந்துருச்சு. இத மனசுல வச்சுக்கிட்டு கீழ படிங்க.

38 வாரம் முடிஞ்சு நாலு நாள். ராத்திரி 1.30 இருக்கும், இடுப்பு வலின்னு எழுப்புனா. நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டோம். எடுத்தது ட்யூட்டி நர்ஸ் பொண்ணு, டாக்டரம்மா வெளியூர் போயிருக்காங்க, காலைல வந்துருவாங்க, இது சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடுத்துப் பாருங்க, காலைல வாங்கன்னு சொல்லுச்சு. ஒருவேள ஆபரேஷன்னா என்ன பண்றதுன்னு தம்பி கேட்டான், மயக்க மருந்து டாக்டரு வெளிய இருந்துதான் வரணும், இந்த நேரத்துல கூப்புட்டா எப்ப வருவாருன்னு சொல்ல முடியாதுன்னு பதில் வந்துச்சு. மூணு மாசமா அங்க போயிக்கிட்டு இருக்கோம், ராத்திரி வலி வந்தா இங்க ஆபரேஷன் பண்ண ஆளு இருக்காங்களான்னு நாங்களும் ஒரு நாள் கேக்கல, அவங்களும் சொல்லல.

நாங்களும் சூட்டு வலின்னு நம்பி முக்கா மணி நேரத்த வீணாக்கிட்டோம். ரெண்டாவது பிரசவம் மொதப் பிரசவத்த விட வெரசா நடக்கும், அது யாருக்கும் ஞாபகம் வரல. 2.20க்கு பனிக்குடம் ஒடஞ்சு பாய் பூரா தண்ணி. அப்பத்தா எந்திரிச்சு வந்து வாசனையப் பாத்து தண்ணி நெறத்தப் பாத்து, "தெளிஞ்ச தண்ணிதேன், ஆனா இனி நிக்காது, வண்டியக் கூப்புடுங்கடா"ன்னுச்சு. தம்பி 108 போட்டான், நான் வாங்கிப் பேசுனேன்.

போன் எடுத்த பொண்ணு நிதானமா கேட்டுச்சு. எத்தனாவது பிரசவம், எத்தன மாசம், வலி எத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவ வருது, தண்ணி ஒடஞ்சிருச்சா, என்ன நெறம், முக்கணும் போல இருக்குங்குறாங்களா, தல தெரியுதா. நான் எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல கத்திக்கிட்டு இருக்கேன், அந்தப் பொண்ணு, "மேடம், வண்டி கெளம்பிருச்சு, நீங்க சொல்றது வண்டிய லேட் ஆக்காது, பொறுமையா சொல்லுங்க, இடது பக்கமா படுக்க வைங்க"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. இது நெறய பேருக்குத் தெரியாது, கேள்வி கேட்டு நேரத்தக் கடத்துறாங்கன்னு நெனச்சு போன வச்சிருவாங்க. வச்சிராதீங்க.

எங்க ஊர்ல ஒரு சிக்கல் இருக்கு. பெரிய பெரிய செட்டியார் வீடுங்க, ஒரு தெருவுல முன்வாசல், அடுத்த தெருவுல பின்வாசல், முக்காவாசி பூட்டிக் கெடக்கும், ராத்திரில ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் வித்தியாசமே தெரியாது, கூகுள் மேப்பு கொண்டு போய் மதில் சுவத்துலதான் விடும். நான் வேற பதட்டத்துல தெருப்பேர மாத்திச் சொல்லிட்டேன். தம்பிதான் சுதாரிச்சு ஊரணிக் கரையில போய் நின்னு போன்ல டார்ச்சப் போட்டு ஆட்டிக்கிட்டே இருந்தான். வண்டிக்காரர் நம்பர்ல இருந்து அவனுக்கே போன் வந்துருச்சு, ஊரணியச் சொன்னதும் புடிச்சுட்டாரு. 2.45க்கு வீட்டு வாசல்ல வண்டி. கிராமத்துல இருக்கவங்க இத மட்டும் முன்னாடியே பேசி வச்சுக்கங்க, வீட்டு விலாசத்தச் சொல்றதுக்குப் பதிலா ஊரணி, கோயில், பஸ் ஸ்டாப்புன்னு வெளியாளுக்குத் தெரியிற ஒரு எடத்தச் சொல்லி அங்க ஒரு ஆள நிறுத்துங்க.

வண்டில வந்த இ.எம்.டி., அதான் வண்டிலயே அவசர சிகிச்ச பாக்குறவங்க, ஒரு பொண்ணு, 26, 27 வயசு இருக்கும். ஓட்டுறவர பைலட்டுனு கூப்புட்டுச்சு. உள்ள ஏத்துனதும் பி.பி. பாத்து, கையில ஊசி வழி போட்டு, கையுறை மாட்டிப் பாத்துட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ரெண்டாவது பிரசவம், கர்ப்பப்பை வாய் முழுசாத் தொறந்துருச்சு, எச்.பி. 10.4னு எல்லாத்தையும் சொல்லிருச்சு. நர்ஸம்மா எழுதிக் குடுத்த அட்டை அதுக்குத்தான் ஆச்சு. பாதி வழில தங்கச்சி, "அக்கா வருதுக்கா"ன்னு ஒரு கத்து கத்துனா. அந்தப் பொண்ணு பைலட்டுகிட்ட வண்டிய ஓரங்கட்டச் சொல்லிருச்சு. ஓடுற வண்டில பிரசவம் பாக்கக் கூடாதாம். புளியமரத்தடி, சுத்தி இருட்டு, உள்ள மட்டும் வெளிச்சம். 3.05க்கு புள்ள வந்துருச்சு.

அழல. கையி காலு தொவண்டு கெடக்கு, நெறம் நீலம் பாஞ்ச மாதிரி. எங்கம்மா, "தலகீழாத் தூக்கி முதுகுல ரெண்டு போடு தாயி"ன்னு கத்துறாங்க. அந்தப் பொண்ணு, "அம்மா அப்டிலாம் பண்ணக் கூடாது"ன்னு ஒரே வார்த்தை, கை நிக்கல. காஞ்ச துணில புள்ளய நல்லாத் தொடச்சு, ஈரத் துணியத் தூக்கிப் போட்டுட்டு வேற துணி, முதுகத் தேச்சு விட்டுச்சு, அப்பயும் இல்ல. கொடிய கிளிப்பு போட்டு வெட்டி பக்கத்துல மட்டமா படுக்க வச்சு, தோளுக்கடியில துணிய மடிச்சு வச்சு, மூக்கு வாயி ரெண்டையும் மூடுற சின்ன மாஸ்க வச்சு அதோட சேந்த காத்துப் பந்த அமுக்கிச்சு. அமுக்கு, ரெண்டு, மூணு. அமுக்கு, ரெண்டு, மூணு. வாய்விட்டு எண்ணிக்கிட்டே. அந்த எண்ணிக்கை ஏன்னா நிமிஷத்துக்கு 40ல இருந்து 60 மூச்சுக்குள்ள வரணுமாம், அவசரத்துல கை தானா வேகமாப் போயிருமாம். நெஞ்சுக்கூடு லேசா ஏறி ஏறி எறங்குறத நான் பாத்துக்கிட்டு இருக்கேன். தும்மல் மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் அழுதான் பாருங்க, எங்கம்மா அப்டியே உக்காந்துட்டாங்க.

பொறந்த 1 நிமிஷத்துக்குள்ள மூச்சு வரணும், வரலன்னா அந்த நிமிஷத்துக்குள்ளயே மூச்சுக் குடுக்க ஆரம்பிச்சிரணும், அத தங்க நிமிஷம்னு சொல்வாங்களாம். 100 புள்ளைல ஏறக்குறைய 10 புள்ளைக்கு இந்த மாதிரி ஏதோ ஒரு ஒத்தாசை தேவப்படும், பெரும்பாலும் தொடச்சுத் தேச்சு விட்டாலே, இல்ல பந்த அமுக்குனாலே போதுமாம், பெரிய வைத்தியம் தேவப்படுறது 100ல ஒண்ணுக்கும் கொறவுதான். பெரிய மிஷினுன்னு எதுவும் வேணாம், அந்தப் பந்தும் அத அமுக்கத் தெரிஞ்ச கையும் பக்கத்துல இருந்தாப் போதும். எங்களுக்கு இருந்துச்சு.

இப்பத்தான் நான் இந்த ரிவ்யூ எழுதுறதுக்கே காரணமான விஷயம். புள்ள அழுததும் நாங்க எல்லாரும் புள்ளயத்தான் பாத்தோம். நான், அம்மா, கதவத் தொறந்து எட்டிப் பாத்த தங்கச்சி வீட்டுக்காரரு, எல்லாரும். என்ன புள்ள, யாரு ஜாடை, விரல் எல்லாம் இருக்கா. அந்தப் பொண்ணு மட்டும் புள்ளயத் தங்கச்சி நெஞ்சு மேல தோலோட தோலா ஒட்டிப் படுக்க வச்சு மேல துணியப் போத்திட்டு, வயித்துல இன்னொரு புள்ள இல்லன்னு தொட்டுப் பாத்துட்டு, தொடையில ஒரு ஊசி போட்டுச்சு. ஆக்ஸிடோசின், 10 யூனிட், அது கர்ப்பப்பைய சுருக்குற ஊசி, பிரசவம் ஆன எல்லாருக்கும் கண்டிப்பா போடணும். கொஞ்ச நேரத்துல நஞ்சுக்கொடி விழுந்துச்சு. வண்டி கெளம்புச்சு. நான் புள்ளைய போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கேன், அந்தப் பொண்ணு குனிஞ்சு துணியவே பாத்துக்கிட்டு இருக்கு. திடீர்னு, "அக்கா, போன வைங்க, இங்க கையக் குடுங்க"ன்னு என் கையப் புடிச்சு தங்கச்சி வயித்துல தொப்புளுக்குக் கீழ வச்சு அமுக்குச்சு. "இங்க பந்து மாதிரி தெரியுதா, இது கல்லு மாதிரி கெட்டியா இருக்கணும், இப்பப் பாருங்க மாவு மாதிரி இருக்கு. வட்டமாத் தேச்சு விட்டுக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க."

பெசஞ்சு வச்ச தோசமாவு மாதிரித்தான் இருந்துச்சு. தேய்க்கத் தேய்க்க என் கைக்கடியில கெட்டியாகும், கை கொஞ்சம் தளந்தா திரும்ப கொழஞ்சிரும். கெட்டியானா ரத்தம் நிக்கிது, கொழஞ்சா குபுக்குன்னு வருது. அது என் கைக்குத் தெரியுது. தங்கச்சி உதடெல்லாம் வெளுத்து, "அக்கா தண்ணி குடு, கண்ணு இருட்டுது"ங்குறா. அந்தப் பொண்ணு சலைன வேகமா விட்டுட்டு, கருப்பா ரப்பர்த் துணில பெரிய கால்சட்ட மாதிரி ஒண்ண எடுத்துச்சு, ஒட்டுற பட்டி வச்சது. கணுக்கால்ல ஆரம்பிச்சு, முழங்கால், தொடை, இடுப்பு, வயிறுன்னு இறுக்கி இறுக்கி ஒட்டிருச்சு. காலுல இருக்க ரத்தத்த நெஞ்சுக்கும் மூளைக்கும் மேல தள்ளுற உடுப்பு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் ஆள இழுத்துப் புடிக்கும். ஒட்டி கொஞ்ச நேரத்துல தங்கச்சி கண்ண முழிச்சு, "பாப்பா எங்க"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் நானும் போட்டோவ எடுக்கல.

3.40க்கு ஆஸ்பத்திரி. வாசல்லயே ஸ்ட்ரெச்சரோட நின்னாங்க, ஓ.பி. சீட்டு, அட்மிஷன் பாரம்னு ஒரு வார்த்த கேக்கல. இது சீமாங்க் சென்டர்னு போர்டு வச்ச ஆஸ்பத்திரி. அப்டின்னா 24 மணி நேரமும் பிரசவ டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்த டாக்டர், ரத்த வங்கி எல்லாம் இருக்குற எடம்னு அர்த்தம், அன்னைக்கு வரைக்கும் அந்த போர்ட நான் ஆயிரம் தடவ பாத்துருப்பேன், அர்த்தம் தெரியாது. ரெண்டு கையிலயும் ட்ரிப்ஸ், ஒண்ணுக்குப் போக ட்யூபு, டிரனெக்ஸாமிக் ஆசிட்னு ரத்தத்த நிறுத்துற மருந்து 1 கிராம். அத புள்ள பொறந்து 3 மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பிரயோஜனமாம், சூட்டு வலின்னு நாங்க வீட்டுலயே இருந்து அங்கயே பொறந்துருந்தா அந்த 3 மணி நேரம் எங்க போயிருக்கும்னு யோசிச்சா இப்பயும் வயித்தக் கலக்குது. மருந்துக்கு நிக்காம, ஒரு ஆணுறைய ரப்பர் ட்யூபுல கட்டி கர்ப்பப்பைக்குள்ள வச்சு சலைன நெரப்பி பலூன் மாதிரி உப்ப வச்சாங்க, அது உள்ள இருந்து அழுத்தி ரத்தத்த அடைக்கும். வங்கதேசத்துல சயீபா அக்தர்னு ஒரு டாக்டரம்மா 2000 வாக்குல கண்டுபுடிச்ச முறை, வெலகூடுன பலூன் வாங்க முடியாத ஆஸ்பத்திரிங்கள மனசுல வச்சு. அந்தம்மாவ நான் கண்ணால பாக்கப் போறதில்ல, எந்த ஊரோ எந்த நாடோ, ஆனா அவங்க யோசிச்சதுல எங்க வீட்டுப் புள்ள உசுரோட இருக்கு.

ரெண்டு யூனிட் ரத்தம் ஏறுச்சு. வெடியக்காலைல டாக்டரம்மா வெளிய வந்து, "நின்னுருச்சு, ஆபரேஷன் வேணாம்"னு சொன்னாங்க, கண்ணெல்லாம் செவந்து போயிருந்துச்சு, ராத்திரி பூரா ஒறங்கல போல. அந்த கால்சட்ட உடுப்பக் கூட அவசரப்பட்டுக் கழட்டல, ரத்தம் நின்னு பி.பி. ஏறுன பிறகு கணுக்கால்ல இருந்து ஒவ்வொரு பாகமா, நடுவுல நடுவுல கால் மணி நேரம் விட்டு பி.பி. பாத்துப் பாத்துக் கழட்டுனாங்க. எச்.பி. 8.6லயே இருந்துருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் கேட்டேன். டாக்டரம்மா ஒண்ணும் சொல்லல, அந்த நர்ஸுக்கு ஒரு நன்றி சொல்லிருங்கன்னு மட்டும் சொன்னாங்க.

அப்புறம் வார்டு சிஸ்டர்ட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பிரசவத்துல அரை லிட்டருக்கு மேல ரத்தம் போனாலே ஆபத்துக் கணக்குதான், ஒரு ஆவின் பாக்கெட் அளவு. நெறமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடுமாம், அது சுருங்கலன்னா தொறந்த பைப்பு மாதிரி. துணியப் பாத்து கண்ணளவுல சொன்னா எப்பயுமே கம்மியாத்தான் தெரியும், அதுனால இப்ப லேபர் ரூம்ல அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்ப இடுப்புக்கு அடியில போட்டு அளக்குறாங்களாம். தமிழ்நாட்டுல ஒரு லட்சம் புள்ள பொறந்தா சாகுற தாய்மாரு எண்ணிக்கை 2018-20 கணக்குப்படி 54, நாடு பூராவும் சேத்து 97. நம்ம மாநிலத்துல 100க்கு 99 பிரசவத்துக்கு மேல ஆஸ்பத்திரிலதான் நடக்குது. ஆனா அந்த 54ம் வெறும் நம்பர் கெடையாது, அந்த வண்டில என் கைக்கடியில மாவு மாதிரி இருந்துச்சே, அதுதான்.

அப்பத்தாகிட்ட இதச் சொன்னப்ப ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எங்க சின்ன அக்கா அப்டித்தேன் போச்சு"ன்னுச்சு. கூடப்பொறந்த அக்கா ஒண்ணு இருந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியாது. அதுக்கு 22 வயசு. வீட்டுலதான் பிரசவம், மருத்துவச்சி கைராசிக்காரிதான், ஆம்பளப் புள்ள, தெருவே கூடி கொலவை போட்டுச்சாம். எல்லாரும் புள்ளைக்குக் காப்பு போடுறது பேரு வைக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருந்தப்ப உள்ள அறையில பாய் நனஞ்சுக்கிட்டே இருந்துருக்கு. உதிரம் நிக்கலன்னு சொல்லிட்டாங்களாம். வில்லு வண்டி கட்டி டவுனுக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

புள்ள சமாச்சாரம். அவன் மூச்சு வாங்கப் பந்து அமுக்குனதால ஒரு நாள் குழந்தைங்க ஐ.சி.யூ.ல வச்சுப் பாத்தாங்க. எடை 2.8 கிலோ. வைட்டமின் கே ஊசி போட்டாங்க, பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சக்காமால ஊசி மூணும் கெளம்புறதுக்குள்ள போட்டாச்சு. அப்பத்தா வெள்ளிச் சங்குல சக்கரத் தண்ணி கொண்டாந்துருந்துச்சு, சேனை வைக்கணும்னு. சிஸ்டரு கைய எடுத்துக் கும்புட்டு, "பாட்டி, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேணாம்"னாங்க. திட்டல, கும்புட்டாங்க, அதான் அப்பத்தா கேட்டுச்சு. குளிப்பாட்டவும் வேணாம், ஒரு நாளாவது போகட்டும், ஒடம்பு சூடு எறங்குனா புள்ள சோந்துரும்னாங்க. தங்கச்சிக்கு அசதில பாலு கம்மியா வந்தப்ப நர்ஸு பக்கத்துலயே உக்காந்து சீம்பாலக் கையால எடுத்து பாலாடைல ஊத்திக் குடுத்தாங்க, தங்கச்சி அழுதப்ப, சொட்டு சொட்டா வந்தாலும் இந்த வயசுக்கு அவன் வயிறு அவ்வளவுதான் கண்ணுன்னு சொல்லி தேத்துனாங்க.

பக்கத்து பெட்டுல கல்லல் பக்கத்துப் பொண்ணு, 20 வயசுதான், வீட்டுலயே வலிப்பு வந்து தூக்கிட்டு வந்துருந்தாங்க. ரெண்டு நாளா தலவலி, கண்ணு மங்கல்னு சொல்லியிருக்கு, மொகம் வேற வீங்கியிருக்கு, பசி மயக்கம்னு விட்டுட்டாங்களாம். பி.பி. 170 இருந்துச்சாம். கர்ப்பிணிக்கு 140க்கு 90 வந்தாலே ஒடனே காட்டணும். மெக்னீசியம் சல்பேட் போட்டு வலிப்ப நிறுத்திருந்தாங்க. மணிக்கொரு தடவ சிஸ்டர் ஒரு சின்ன சுத்தியல எடுத்துட்டு வந்து அந்தப் பொண்ணு முழங்கால்ல தட்டிப் பாப்பாங்க, காலு துள்ளுதான்னு. அது ஏன்னு கேட்டேன், மருந்து ஒடம்புல ஜாஸ்தியாச்சுன்னா மொதல்ல அந்தத் துள்ளல்தான் நிக்குமாம், அப்புறம் மூச்சு, அதுனால கால் துள்ளுற வரைக்கும் மூச்சுக்கு பயமில்ல. நடு ராத்திரி 2 மணி, 3 மணின்னாலும் அந்தச் சுத்தியல் சத்தம் நின்னதே இல்ல. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க.

குறை. பாத்ரூம் நெலம ரொம்ப மோசம், ரத்தப்போக்கு ஆகி நிக்கவே முடியாத பொண்ணுங்க போற எடத்துல தாப்பா இல்ல, புடிச்சு நிக்க கம்பி இல்ல, தர வழுக்குது. இத ஒரு நாள் எழுதிக் குடுத்தோம், கிளம்புற வரைக்கும் மாறல. கூட இருக்கவங்களுக்கு ராத்திரி தலசாய்க்க எடம் கெடையாது, வராண்டாவுல சேலைய விரிச்சுத்தான் படுத்தோம், கொசு புடுங்கி எடுத்துருச்சு. ஆம்பளப் புள்ளையாச்சேன்னு ஒருத்தர் வந்து 500 ரூவா கேட்டாரு, தங்கச்சி உள்ள உசுருக்குப் போராடிட்டு இருந்த நேரம் அது, தம்பி பயந்து குடுத்துட்டான். குடுக்கக் கூடாது, ஒரு பைசா குடுக்க வேண்டியதில்ல. 2011 ஜூன் 1ல இருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துல கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பிரசவம், ஆபரேஷன், மருந்து, டெஸ்ட்டு, ரத்தம், சாப்பாடு, போக வர வண்டி எல்லாமே இலவசம், பொறந்த புள்ளைக்கு நோவு வந்தா அதுக்கும் சேத்து. கேக்குறவங்க பேரக் கேட்டு வச்சுக்கிட்டு மேலிடத்துல சொல்லுங்க. அந்த ஒரு ஆளால ராத்திரி பூரா நின்ன நர்ஸுங்க பேரும் சேந்து கெடுது.

நர்சிங் ஹோம் பத்தியும் சொல்லிருறேன், பேரு வேணாம். அவங்க கெட்டவங்கன்னு சொல்ல வரல, சின்ன ஆஸ்பத்திரி பலதுல மயக்க மருந்து டாக்டர வெளிய இருந்துதான் கூப்புடுவாங்க. எனக்கு ஆத்திரம் எங்கன்னா, அத முன்னாடியே சொல்லாததும், பாக்காமலே சூட்டு வலின்னு சொன்னதும்தான். நீங்க தனியார்ல பாருங்க, கவர்மெண்ட்ல பாருங்க, அது உங்க வசதி. ஆனா மாசா மாசம் போறீங்கள்ல, ஒரு தடவ வாயத் தொறந்து கேளுங்க: ராத்திரி 2 மணிக்கு வலி வந்தா யாரு இருப்பாங்க, ஆபரேஷன்னா மயக்கம் குடுக்க எத்தன நேரத்துல ஆளு வரும், ரத்தம் எங்க இருந்து வரும், புள்ள மூச்சு வாங்கலன்னா யாரு பாப்பாங்க. இதுக்கு நேரா பதில் வரலன்னா ஏ.சி.யையும் கண்ணாடிக் கதவையும் பாத்து மயங்காதீங்க. உங்க பக்கத்து சீமாங்க் சென்டர் எதுன்னு நர்ஸம்மாட்ட கேட்டு வச்சுக்கங்க. ரத்தம் பட்டா, தண்ணி ஒடஞ்சு பச்சையா வந்தா, தலவலி கண்ணு மங்கல் வந்தா, புள்ள அசையிறது கொறஞ்சா காலைல பாக்கலாம்னு எவரு சொன்னாலும் கேக்காதீங்க, 108தான்.

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். 102 வண்டிலயே வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க, அதுவும் இலவசம். ஊரணிகிட்ட வண்டி திரும்புறப்பவே அப்பத்தா ஆலாத்தித் தட்டோட நின்னுக்கிட்டு இருந்துச்சு, மொதல்ல புள்ளைக்குச் சுத்தல, தங்கச்சிக்குத்தான் சுத்துச்சு.

அப்டேட்: நேத்து 45ம் நாள் தடுப்பூசி போட்டாச்சு, புள்ள 4.3 கிலோ. தங்கச்சி எச்.பி. 10.1, நர்ஸம்மா இன்னும் மாத்திரைய எண்ணிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, இப்ப யாருக்கும் எரிச்சல் வரல. அந்த 108 பொண்ணுகிட்ட புள்ளையக் காட்டணும்னு வண்டி நிக்கிற எடத்துக்கு ரெண்டு தடவ போனோம், ரெண்டு தடவையும் வண்டி கேஸுக்குப் போயிருச்சு. அடுத்த வாரம் திரும்பப் போறோம்.